இரண்டு முகமுள்ள மாளிகை

வீட்டைக் கட்டிப் பார் என்பது நம்மவர் முதுமொழி. கட்டிய வீட்டைத் திருத்திப் பார் என்று எவரும் சொல்லி வைக்கவில்லை. அது அதனினும் கடினமான காரியம் என்பதற்கு ஸ்கொட்லாந்திலே ஒரு சான்று நிற்கின்றது.

எடின்பரோ நகருக்கு மேற்கே, போர்த் என்னும் கடற்கழியின் தென்கரையில் அமைந்தது ஹோப்டன் மாளிகை. 1936 முதல் 1943 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தாரே லின்லித்கோ பிரபு, அவர் பிறந்த இல்லம் இதுவேயாகும். கிழக்கு வாயிலால் வருபவர் ஒரு மாளிகையைக் காண்பார். சுற்றிச் சென்று மேற்கே தோட்டத்தில் நின்று நோக்குபவர் வேறொன்றைக் காண்பார். இரண்டும் ஒரே வீடு என நம்புவது எளிதன்று.

இதன் கதை ஒரு துயரத்திலே தொடங்குகின்றது. 1682இல் நோர்போக் கரைக்கப்பால் குளொஸ்டர் என்ற போர்க்கப்பல் மணற்றிட்டில் மோதி உடைந்தது. அரசனின் தம்பி ஜேம்ஸ் உயிர் தப்பினார். உடன் சென்ற ஜோன் ஹோப் என்ற கனவான் கடலோடு போனார். அவருடைய மகன் சார்ள்ஸ் அப்போது கைக்குழந்தை. குடும்பத்துக்கு லெட்ஹில்ஸ் என்னுமிடத்தில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. அச்செல்வத்தைக் கொண்டு மகனுக்கென ஒரு வீடு எழுப்ப முனைந்தவர் கைம்பெண்ணான தாய் மார்கரட் சீமாட்டியே. ஹொலிரூட் அரண்மனையைப் புதுப்பித்த சேர் வில்லியம் புரூஸ் என்ற சிற்பியிடம் அவர் பணியை ஒப்படைத்தார். 1699இல் வேலை ஆரம்பமாயிற்று.

புரூஸ் கட்டியது அடக்கமும் அளவும் உள்ள வீடு. கல்வரிசைகளுக்கிடையே ஆழமாகக் கோடு கீறிய சுவர். உள்ளே எண்கோண வடிவிற் சுற்றியேறும் படிக்கட்டு. அதன் மரப்பலகைகளிலே மலரும் கனியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் அவை மிளிரும்.

1703இல் சார்ள்ஸ் பிரபுப் பட்டம் பெற்றார். பட்டம் வந்தபின் வீடு சிறுத்துவிட்டது போலும்! 1721இல் வில்லியம் அடம் என்பவரை அழைத்துப் பெருப்பிக்கச் சொன்னார். தாய் கட்டித் தந்த வீட்டுக்கு அப்போது இருபது வயதுதான். அடம் கிழக்குப் புறத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பழைய முகப்பு மறைந்தது. உயர்ந்த அரைத்தூண்கள் கொண்ட புதுமுகப்பும், இருமருங்கும் கை விரித்தாற்போல வளைந்து செல்லும் தூண் வரிசைகளும், அவற்றின் முனைகளிலே தனிக் கட்டிடங்களும் எழுந்தன. வேலையோ நத்தை வேகத்திலே நடந்தது. 1742இல் பிரபு காலமானார். 1748இல் அடமும் மறைந்தார். கட்டுவித்தவரும் கட்டியவரும் முடிவைக் காணவில்லை.

முடித்து வைத்தவர்கள் அடமின் புதல்வர்களான ஜோனும் றொபேட்டும். தந்தையார் வாயிலில் அமைக்க எண்ணிய தூண்மண்டபத்தை அவர்கள் கைவிட்டனர். உள்ளே வரவேற்பறைகளைப் பொன்பூச்சு அலங்காரங்களால் நிரப்பினர். 1754இல் இளையவர் றொபேட் இத்தாலிக்குப் புறப்பட்டபோது உடன் சென்றவர் ஹோப்டன் பிரபுவின் சகோதரரே. அங்கு கற்றுவந்ததைக் கொண்டு றொபேட் பிரித்தானியாவின் வீட்டலங்காரத்தையே மாற்றினார் என்பதை மாணவர்கள் அறிந்து வைப்பது நன்று.

திருத்தம் அத்துடன் ஓயவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்காம் பிரபு பழைய படுக்கையறையொன்றைப் பெரிய விருந்து மண்டபமாக்கினார். 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் இங்கு வந்தார். ஓவியர் ஹென்றி றேபேர்ண் சேர் பட்டம் பெற்றது இவ்வில்லத்திலேதான். தெற்குக் கட்டிடம் நூலகமாக எண்ணப்பட்டுப் பின்னர் குதிரையேற்றம் பயிலும் கூடமாகி, இறுதியில் நடனசாலையாயிற்று. 1974 முதல் மாளிகையை ஓர் அறக்கட்டளை பராமரித்து வருகின்றது.

இரு முகங்களும் பொருந்தவில்லை என்று குறை கூறுவாருளர். குறை உண்மைதான். ஆனால் கிழக்கைப் போலவே மேற்கையும் மூடியிருந்தால் இசைவு கிடைத்திருக்கும். தாயின் வீடு போயிருக்கும். எனக்கு மேற்கு முகமே பிடிக்கும். கிழக்கு வாயிலின் ஆடம்பரத்தைக் கடந்து உள்ளே நுழைபவரும், மேல் மாடிக்குச் செல்வதென்றால், புரூஸ் அமைத்த அந்தப் படிகளிலேதான் ஏறிச் செல்கின்றனர்.