பிள்ளைக்கு 200, தாய்க்கு எத்தனை?

கேமரன் மலையில் மூட்டம் என்றால் சுற்றுப்பயணிகளுக்குக் கொண்டாட்டம். வெயில் ஏறியதும் விலகுவது பனிமூட்டம். வெயில் ஏறியும் விலகாமல், கண்ணையும் தொண்டையையும் கரித்து, லயத்து வீடுகளுக்குள் நாள்கணக்கில் தங்கிவிடுவது புகைமூட்டம். கரிமண் நிலத்தில் பிடித்த தீ மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனலும். பெருமழை பெய்தால்தான் அடங்கும். அது சுமத்ராவில் எரிந்தாலும் பகாங்கில் எரிந்தாலும், புகையைச் சுவாசிக்கும் நெஞ்சுக்கு வேறுபாடு தெரியாது.

1997, 2005, 2013, 2015, 2019 என்று இந்தப் புகை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1997-இல் சரவாக்கிலும், 2005-இல் போர்ட் கிள்ளான், கோலசிலாங்கூரிலும், 2013-இல் மூவாரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1997-க்குப் பின், சுற்றுப்பயணிகள் பயந்து விடுவார்கள் என்று காற்று மாசுக் குறியீட்டையே அரசு மறைத்து வைத்தது. 2005 ஆகஸ்டில்தான் அந்த எண் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

கிடைத்த எண் யாரைக் காக்கிறது? குறியீடு 100-ஐத் தொட்டால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்பட வேண்டும், 200-ஐத் தொட்டால் பள்ளியே மூடப்பட வேண்டும் என்பது 2023-இல் கல்வி அமைச்சு தந்த உத்தரவு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் தமிழ்ப்பள்ளி மூடி வீட்டில் இருக்கும் அந்தப் பிள்ளையின் தாய், அதே காலையில் அதே புகையில் கொழுந்தெடுக்கச் சரிவில் ஏறுகிறாரே, அவருக்கு எந்த எண்?

வேலையிடப் புகைமூட்டத்துக்கென்று அரசின் வழிகாட்டி ஒன்று உண்டு. வழிகாட்டி சட்டமாகாது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி வேலையிடத்தை விட்டு விலகலாம் என்கிறது அது. புகையோ உடனே கொல்வதில்லை, மெல்ல மெல்லத்தான் அரிக்கிறது. அது 'உடனடி ஆபத்து'தான் என்று பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டு மண்டோரிடம் வாதாடக் கூலிக்காரரால் முடியுமா? அன்றைய கூலி போனால் அடுப்பு எரியுமா?

அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. 1996-இல் டான் தெக் செங் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம், நியாயமான அளவு சுகாதாரமான, மாசற்ற சூழலில் வாழ்வதும் அந்த உரிமையில் அடங்கும் என்றார். அந்த வார்த்தை நகரத்து மாடிவீட்டுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

எனவே நாம் கேட்பது இவ்வளவுதான். குறியீடு 100-ஐத் தாண்டினால், நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசத்தை நிர்வாகம் இலவசமாகத் தர வேண்டும். 200-ஐத் தாண்டினால் வெளிக்காட்டு வேலை நிற்க வேண்டும், அன்றைய கூலி நிற்கக் கூடாது. அன்றாடக் குறியீடு பெரட்டுக் களத்தில் தமிழ், மலாய், வங்காளம், நேப்பாளி மொழிகளில் எழுதப்பட வேண்டும். இன்று நம்மவரோடு சரிவில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் நுரையீரல் இரண்டுதான். இவை யாவும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

தோட்டத்துத் தோழர்களே, அடுத்த புகை வரும்போது தேதி, வேலை நேரம், அன்றைய குறியீடு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். கிளினிக் சீட்டை எறிந்து விடாதீர்கள். பேச்சை மறுப்பார்கள், தாளை மறுப்பது கடினம்.