பன்னிரண்டு குளிசைகளும் பன்னிரண்டு வயது மொழிபெயர்ப்பாளரும்

தோர்ண்டன் ஹீத் இலண்டன் வீதியில், எம்மவருள் மூத்தோர் இன்றும் 'மேடே' என்றே அழைக்கும் வைத்தியசாலை அமைந்துள்ளது. 2010இல் அது குரொய்டன் பல்கலைக்கழக வைத்தியசாலை எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் வெளிநோயாளர் பிரிவில், பாடசாலைச் சீருடையுடன் தாயின் அருகே அமர்ந்து, மருந்துகளின் பெயர்களை வைத்தியருக்கு ஒப்புவிக்கும் பிள்ளையைக் காண்பது அரிதன்று. சலரோகத்திற்கு இரண்டு, இரத்த அழுத்தத்திற்கு மூன்று, கொழுப்பிற்கு ஒன்று, மூட்டுவலிக்கு இரண்டு என அப்பட்டியல் நீள்கின்றது. அது ஏன் நீண்டது என்று கேட்பார் இல்லை.

2021 செப்டெம்பரில் வெளியான ஆங்கிலேய அரசின் மீளாய்வு அறிக்கை, நாளொன்றுக்கு ஐந்தும் அதற்கு மேலும் மருந்துகளை உட்கொள்வோர் 15 வீதத்தினர் என்றும், குடும்ப வைத்தியர்கள் வழங்கும் மருந்துகளில் குறைந்தது 10 வீதமானவை தேவையற்றவையாக இருக்கக்கூடும் என்றும் மதிப்பிட்டது. 65 வயதைக் கடந்தோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் ஐந்து சந்தர்ப்பங்களில் ஒன்றுக்கு மருந்துகளின் பாதக விளைவே காரணம் எனவும் அது கூறியது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? அழுத்தத்திற்கு அம்லோடிபின் எடுப்பவரின் கணுக்கால் வீங்குகின்றது. வீக்கம் புதிய நோயெனக் கருதப்பட்டு, சிறுநீர் போக்கும் குளிசை சேர்கின்றது. அழுத்தத்திற்கு ராமிப்ரிலும் எடுக்கும் ஒருவர் முழங்கால் வலிக்குக் கடையில் இபுபுரோபன் வாங்கி விழுங்கினால், இம்மூன்றும் கூடிச் சிறுநீரகத்தையே தாக்கவல்லன. எம்மவரின் கைமருந்தான பனடோலையும் இங்கு குறிப்பிட வேண்டும். வைத்தியர் தந்த கோ-கோடமோலினுள்ளும் அதே பரசிற்றமோல் இருப்பதை அறியாது, இரண்டையும் சேர்த்து எடுப்போர் உளர். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் பெட்டி வேறு வணிகப் பெயர் தாங்கியிருப்பினும், உள்ளிருப்பது இங்கு தரப்படும் அதே மெற்ஃபோமினாக இருக்கலாம்.

குற்றம் முழுவதையும் வைத்தியர் மீது சுமத்துதல் நேர்மையன்று. வைத்தியரிடம் வினா எழுப்புவதை மரியாதைக் குறைவெனக் கருதும் வழக்கம் எம்மிடம் உண்டு. பாதிக் குளிசைகளை அலுமாரியில் பூட்டிவிட்டு "ஓம், எல்லாம் போடுறன்" என்கிறோம். அழுத்தம் குறையவில்லையெனக் காணும் வைத்தியர் இன்னொன்றை எழுதுகிறார். பிள்ளையின் நாவினூடாகவோ தாயொருத்தி தனது சிறுநீர்த் தொல்லையையும் மனச்சோர்வையும் ஒருபோதும் சொல்லமாட்டாள். சொல்லாத குறிக்கு மருந்தும் பிழையாகவே அமையும். அவசர சிகிச்சை தவிர்ந்த வேளைகளில் 16 வயதிற்குக் குறைந்தோரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது என 2018இன் தேசிய சுகாதார சேவை வழிகாட்டி தெளிவாகவே கூறுகின்றது. ஆயினும் பிள்ளையை அழைத்துச் செல்வது நாமே. 'மகள் வந்திருக்கிறாளே' என அதனை ஏற்றுக்கொள்வது அவர்கள். இரு தரப்பிற்கும் இது வசதியாக இருக்கின்றது என்பதே கசப்பான உண்மை.

அதற்காக எந்தக் குளிசையையும் தாமாகவே நிறுத்திவிடலாகாது. சில இதய மருந்துகளைத் திடீரெனக் கைவிடுவது உயிராபத்தானது. பல மருந்துகள் எடுப்போருக்கென 2020 ஒக்டோபர் முதல், குடும்ப வைத்தியர் நிலையங்களூடாக முறையான மருந்து மீளாய்வு நடைமுறைக்கு வந்தது. மருந்தாளர் ஒருவர் ஒவ்வொரு மருந்தையும் எடுத்து, இது ஏன், இன்னும் தேவையா என நோயாளியுடன் பேசுவார். நேரம் குறிக்கும்போதே அதனைக் கேளுங்கள்; தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனவும் அப்போதே சொல்லுங்கள், அதற்குக் கட்டணமில்லை. இளையோரே, அன்று நீங்கள் பாடசாலைக்குச் செல்லுங்கள். முதல்நாள் இரவு மட்டும் அலுமாரியிலுள்ள பெட்டிகள் அனைத்தையும், கொழும்புப் பெட்டியும் பனடோலும் அடங்கலாக, ஒரு பையில் இட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.