வண்டியைச் சுற்றி ஒருமுறை



மயிலையிலும் அடையாற்றிலும் பனகல் பூங்காவின் பக்கத்திலும் மெட்ரோ ரயில் பணி தொடங்கிய நாள்முதல், ஊர் அடங்கிய பின்னர் நம் தெருக்கள் வேறொரு முகம் கொள்கின்றன. பகலில் காணாத நீண்ட ட்ரெய்லர் லாரிகள், இரும்பையும் கான்கிரீட் பாளங்களையும் சுமந்துகொண்டு மெல்ல ஊர்ந்து வருகின்றன. அண்மையில் ஓர் இரவு, துக்க வீடு ஒன்றிற்குச் சென்று திரும்புகையில், மந்தைவெளியில் அத்தகைய லாரி ஒன்று ஓரமாக நிற்கக் கண்டோம். ஓட்டுநர் கையில் ஓர் இரும்புக் கம்பியுடன் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நின்று விசாரித்தோம். "ஓசையே சொல்லிவிடும் ஐயா. பின்னால் இரண்டிரண்டு டயராக இருக்கும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. காற்று இறங்கிய டயர் செத்த ஓசை கொடுக்கும்" என்றார். அதன்பின் முன்வண்டியிலிருந்து ட்ரெய்லருக்குச் செல்லும் காற்றுக் குழாய்களைக் கையால் தடவிப் பார்த்தார். அவற்றில் கசிவு இருந்தால், பிரேக்கை நம்பி வண்டியை எடுக்க முடியாது. இரண்டு வண்டிகளையும் பிணைக்கும் இணைப்பு சரியாகப் பூட்டியிருக்கின்றதா, சக்கரத்து நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, பின்விளக்கு எரிகின்றதா, சுமையைக் கட்டிய சங்கிலி தளர்ந்திருக்கின்றதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

"பழுது ஏதேனும் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். அவர் சற்றே சிரித்தார். "முதலாளியிடம் சொல்வேன் ஐயா. அப்படிச் சொன்னதற்காகவே இரண்டு இடங்களில் வேலை போனது. இப்போது இருக்கும் முதலாளி நல்லவர், சொன்னால் கேட்பார்" என்றார். வண்டியின் முன்கண்ணாடி அருகே ஒரு சிறு செபமாலை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வண்டியைக் கிளப்பிச் சென்றுவிட்டார். நம் உள்ளத்தில் மட்டும் அந்தச் சொற்கள் தங்கிவிட்டன.

பழுதுள்ள வண்டியைப் பற்றி நம் நாட்டுச் சட்டம் தெளிவாகவே பேசுகின்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 190ஆம் பிரிவில், பொது இடத்தில் மற்றவர்க்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுதுடன் ஒரு வாகனத்தையோ ட்ரெய்லரையோ ஓட்டுவது குற்றம் என்கின்றது. ஓட்டுபவர் மட்டுமல்லர், ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளிகளே. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பவும் இடமில்லை. தெரிந்திருந்த பழுது மட்டுமன்று, சாதாரணக் கவனத்துடன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதும் அச்சட்டத்தின் கணக்கில் சேரும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இக்குற்றத்திற்கு 1,500 ரூபாய் அபராதம். அப்பழுதினால் விபத்து நேர்ந்து ஒருவர் காயமுற்றாலோ பொருட்சேதம் விளைந்தாலோ, முதன்முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது என்பதை நம் நகரம் ஒருமுறை கண்ணீரோடு கற்றுக்கொண்டது. 2012ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஓடும் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே கீழே விழுந்து, பின்சக்கரத்தில் சிக்கி மாண்டாள். தாய்மார் எத்தனையோ பேர் அன்றிரவு தம் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உறங்காதிருந்தனர். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தனிச் சிறப்பு விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. இன்று கோடை விடுமுறையில் பள்ளிப் பேருந்துகளை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, படிக்கட்டு, தரைப்பலகை, அவசர வழி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை அதிகாரிகள் சோதிப்பதை நாம் காண்கின்றோமே, அந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு குழந்தையின் உயிர் இருக்கின்றது.

இதில் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பேருந்து தகுதிச் சான்று பெற்றிருந்த பேருந்து! எட்டாண்டு கடந்த வாடகை வாகனங்களும் சரக்கு வாகனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குச் செல்கின்றன. ஆனால் அச்சான்று அந்த ஒரு நாளுக்கே சாட்சி. மற்ற 364 நாட்களுக்கு யார் சாட்சி? தரைத் தகட்டில் ஓட்டை ஒரே நாளில் விழுவதில்லை. துரு மெல்ல மெல்லத்தான் அரிக்கின்றது. அதனை நாள்தோறும் காணும் வாய்ப்பு, அந்த வண்டியில் ஏறி இறங்குபவர்களுக்கே உண்டு. எல்லாரினும் மேலாக ஓட்டுநருக்கு உண்டு. கண்ட ஒருவர் வாய் திறந்து சொல்ல, கேட்ட ஒருவர் செவி சாய்த்துச் செய்தால், பல உயிர்கள் பிழைக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2024 பிப்ரவரியில், வள்ளலார் நகரிலிருந்து திருவேற்காடு சென்ற மாநகரப் பேருந்தின் தரைப்பலகை அமைந்தகரை அருகே உடைந்து, பெண் பயணி ஒருவர் அந்த ஓட்டைக்குள் விழுந்தார். உடன் வந்தோர் கூச்சலிட, பேருந்து நிறுத்தப்பட்டு, அவர் காயத்துடன் உயிர் பிழைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில், திருச்சியில் வளைவு ஒன்றில் பேருந்து திரும்பியபோது நடத்துநரின் இருக்கை கழன்று, அவர் இருக்கையோடு வெளியே சாலையில் விழுந்தார். அதன்பின் அரசுப் பேருந்துகள் அனைத்தையும் 48 மணி நேரத்திற்குள் ஆய்வு செய்யுமாறு ஆணை பிறந்தது. விபத்துக்குப் பின் 48 மணி நேரத்தில் செய்ய முடிந்ததை, விபத்துக்கு முன் செய்ய முடியாதா?

வெளிநாடுகளில் இதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. பிரிட்டனில் கனரக வாகன ஓட்டுநர், புறப்படுமுன் வண்டியைச் சுற்றி நடந்து பார்ப்பது அன்றாடக் கடமை. கண்ட பழுதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அமெரிக்காவில் ஓட்டுநர் எழுதித்தந்த ஆபத்தான பழுதைச் சரிசெய்து, அல்லது சரிசெய்யத் தேவையில்லை என்பதை உறுதிசெய்து, நிறுவனம் சான்று எழுதிய பின்னரே வண்டி மீண்டும் சாலைக்கு வரலாம். இதில் சிறப்பு என்னவெனில், வாய்ச்சொல் காற்றோடு போய்விடும், எழுதிய சொல் நிற்கும். எழுதியவரையும் காக்கும், படித்தும் பாராமுகமாய் இருந்தவரைக் காட்டியும் கொடுக்கும்.

ஓட்டுநர்க்கு மட்டும் அறிவுரை சொல்லி நிறுத்துவது எளிது. ஆனால் நியாயம் அன்று. வாயைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நிற்கும் என்ற நிலையில் இருக்கும் ஒருவரிடம், "உன் மனச்சான்றின்படி நட" என்று சொல்லும் நாம், அந்த மனச்சான்றின் விலையில் நம் பங்கைத் தருகின்றோமா?

இங்கே நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பங்கு மக்கள் சிலருடன் வேளாங்கண்ணிக்கு யாத்திரை சென்றோம். பல இடங்களில் விலை கேட்டு, இருப்பதிலேயே மலிவான வேனைப் பேசி முடித்தவர்கள் நாமே. புறப்படும் வேளையில் ஓட்டுநர் இளைஞர் தயங்கித் தயங்கி அருகில் வந்து, "பின்டயர் இரண்டும் மொட்டையாகி இருக்கின்றன ஐயா. விடிந்ததும் மாற்றிக்கொண்டு புறப்பட்டால் நல்லது" என்றார். நாம் சொன்னது என்ன? "எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் தம்பி. மாதா பார்த்துக்கொள்வாள்!" மரக்காணம் தாண்டியதும் ஒரு டயர் வெடித்தது. வண்டி சாலையை விட்டு இறங்கி மணலில் நின்றது. முதியோரும் குழந்தைகளுமாகப் பதினான்கு பேர் இருட்டில் நடுங்கிக்கொண்டு நின்றோம். ஒருவருக்கும் காயமில்லை. ஆயினும் அந்த இளைஞர் நம்மைக் குறை கூறி ஒரு சொல்லும் சொல்லாமல், குனிந்து சக்கரத்தைக் கழற்றத் தொடங்கிய காட்சி இன்றும் நம்மைச் சுடுகின்றது. அவர் தம் கடமையைச் செய்திருந்தார். கேளாத செவி நம்முடையது. நம் அசட்டையை மாதாவின் கணக்கில் எழுதியது பக்தியாகுமா?

முட்டும் மாட்டைப் பற்றி யாத்திராகமத்தில் ஒரு சட்டம் உண்டு. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளர்மேல் குற்றமில்லை. ஆனால் அது முன்பே முட்டும் வழக்கமுள்ளது என்று அவருக்கு எச்சரித்திருந்தும் அவர் அதைக் கட்டிவைக்கவில்லையென்றால், அந்த உயிருக்கு அவரே பொறுப்பு. எச்சரிக்கை செவியில் விழுந்த கணமே பொறுப்பும் தோளில் ஏறிவிடுகின்றது. அன்று மாடு, இன்று மோட்டார் வண்டி, அவ்வளவே வேறுபாடு.

எனவே, அன்பர்களே, சில செயல்களை நாம் உறுதியாக மேற்கொள்வோம். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் பெற்றோர், மாதத்தில் ஒருநாளேனும் உள்ளே ஏறித் தரையையும் கதவுத் தாழ்ப்பாளையும் பார்க்கட்டும். குறை கண்டால் ஓட்டுநரைத் திட்டாமல், பள்ளி நிர்வாகத்திற்கோ வண்டியின் உரிமையாளருக்கோ எழுதித் தரட்டும். யாத்திரைக்கும் திருமணத்திற்கும் வண்டி பேசுவோர், வாடகையைக் கேட்குமுன் டயரின் நிலையையும் தகுதிச் சான்றின் தேதியையும் கேட்கட்டும். லாரியோ வேனோ வைத்துப் பிழைக்கும் நம் பங்குக் குடும்பத்தார், பழுதை எழுத ஓர் ஏடு வைத்து, அதில் எழுதிய ஓட்டுநருக்கு அன்றைய கூலியைப் பிடிக்காமல் தரட்டும். ஓட்டுநர் சகோதரர்களே, நீங்கள் புறப்படுமுன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடங்கள். கண்டதைச் சொல்லுங்கள், முடிந்தால் எழுதுங்கள். அதனால் உங்களுக்கு இடர் வந்தால், உங்கள் பங்கு உங்களோடு நிற்கவேண்டும். நில்லாவிடில் குறை எங்களுடையது.

புதிதாய் வண்டி வாங்கியவர்கள் அதைக் கோவில் வாசலில் நிறுத்தி மந்திரிக்கச் சொல்வது நம் நல்வழக்கம். அது நீடிக்கட்டும். தீர்த்தம் தெளித்த அந்த வண்டியை மறுநாள் காலையில் ஒருவர் சுற்றிவந்து தட்டிப் பார்க்கட்டும். அப்படிப் பார்ப்பதும் ஒரு செபமே என்று நாம் நம்புகின்றோம்.