அம்மம்மாவுக்குச் சப்டைட்டில் உதவாது

மவுண்ட் ரோஸ்கிலில் எங்கள் வீட்டுச் சனிக்கிழமை இரவு இப்படித்தான் போகும். படம் ஓடும். அம்மம்மா என் பக்கம் திரும்பி, "உவன் என்ன சொல்லுறான் பிள்ளை?" என்பார். "சத்தம் போதும்தானே அம்மம்மா" என்பேன். எனக்கு எல்லாம் விளங்கியது, ஆனால் காதால் அல்ல. கீழே ஓடிய ஆங்கில வரியால்.

புது சவுண்ட்பார் வந்ததும் நாங்கள் முதலில் போட்டுப் பார்ப்பது சண்டைக் காட்சி. சோபா அதிர்ந்தால் செட்டிங் சரி என்று விட்டுவிடுகிறோம். பிழை அங்கேதான் என்பது என் கருத்து. 2012-இல் 'சிவாஜி 3டி' டால்பி அட்மாஸில் வந்தது. அந்த மாதிரிப் படங்களின் ஒலி, கூரையிலும் ஸ்பீக்கர் உள்ள தியேட்டருக்காகக் கலக்கப்படுகிறது. அங்கே வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலுள்ள நடு ஸ்பீக்கரில் வரும். நம் வீட்டுச் சின்ன சவுண்ட்பாரில் அது இல்லை. வயதான காது முதலில் இழப்பதோ கீச்சென்ற உயர் ஒலிகளை. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அதிகமும் அவைதான். வால்யூமைக் கூட்டினால் பாஸும் சேர்ந்து கூடும். (ஓக்லாந்தின் மரவீடுகளில் அது அம்மம்மாவைவிடப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்கும்.)

ரிமோட்டை எடுங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணையுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் ஒரே வசனம் எதிரொலிபோல இரண்டு தரம் கேட்கலாம். இரண்டே ஸ்பீக்கர் என்றால் டிஜிட்டல் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் என்று வையுங்கள், டிவியே நடுக்குரலை இரண்டு பக்கமும் கலந்து அனுப்பும். சரவுண்ட் எஃபெக்ட் வேண்டாம். பாஸைக் குறையுங்கள். 'நைட் மோட்' இருந்தால் பகலிலும் போடலாம்: அது வெடிச்சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிவிடும். புளூடூத்தில் குரல் உதட்டுக்குப் பிந்தினால் எச்டிஎம்ஐ ஏஆர்சி கேபிளுக்கு மாறுங்கள்.

பிறகு அம்மம்மாவின் கதிரையில் இருந்து, சப்டைட்டிலை அணைத்துவிட்டு, இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். நான் செய்தேன். ஒலி தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று "என்ன சொல்லுறான்?" என்று மூன்று தரம் கேட்டது நான். அம்மம்மா படத்தை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக விளக்கினார்.