ஸ்கான் பண்ணின சுற்றறிக்கை ஆருக்கு?

அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டிலேயே ஒரு பொது நிருவாகச் சுற்றறிக்கை வந்துவிட்டது. மேடைகளில் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்த வெற்றிடத்துக்கான அறிவித்தலைப் பார்வையற்ற ஒரு பட்டதாரி எப்படி வாசிப்பார் எண்டு ஆரும் கேட்கிறதில்லை.

நடப்பது இதுதான். அலுவலகத்தில் அறிவித்தலைக் கணினியில் தட்டச்சு செய்கிறார்கள். அச்செடுக்கிறார்கள். அதிகாரி கையொப்பம் வைத்து முத்திரை குத்துகிறார். பிறகு அந்தத் தாளை, அதுவும் சரிவாக வைத்து, ஸ்கான் பண்ணி பிடிஎஃப் ஆக இணையத்தளத்தில் ஏற்றுகிறார்கள். எழுத்தாக இருந்தது படமாகிவிட்டது. பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் வெள்ளைத் தாள். விண்ணப்ப முடிவுத் திகதி அந்தத் தாளில்தான் இருக்கிறது.

தமிழில் வாசிப்பவருக்கு இன்னொரு அடியும் விழுகிறது. ஸ்கான் பண்ணாத ஆவணங்களிலும் பல இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் ‘தமிழ்’ எண்டு தெரியும். கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். திரைவாசிப்பு மென்பொருள் அதைத்தான் வாசிக்கும். ஒரு முழுச் சுற்றறிக்கையை அப்படிக் கேட்டுப் பாருங்கள், விளங்கும். யூனிகோட்டின் முதற் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. முப்பது வருசத்துக்கு மேலாகியும் மாறவில்லை என்றால், அதைத் தொழில்நுட்பப் பிரச்சினை எண்டு சொல்ல ஏலாது.

“வீட்டில ஆராவது வாசிச்சுச் சொல்லலாம்தானே?” என்பது வழமையான பதில். சொல்லலாம். ஆனால் தன்னுடைய கொடுப்பனவு, தன்னுடைய நோய், தன்னுடைய வழக்கு, எல்லாவற்றையும் முதலில் தம்பியோ பக்கத்து வீட்டு அக்காவோ அறிந்த பிறகுதான் தான் அறிய வேண்டும் என்ற நிலையை உங்களில் எத்தனை பேர் ஏற்றுக்கொள்வீர்கள்? அந்த வீட்டுக்காரரோடுதான் பிரச்சினை என்றால் என்ன செய்யிறது?

அடுத்த பதில், “காசில்லை.” திரைவாசிப்பு மென்பொருளான என்விடிஏ இலவசம். 2006இல் அதைத் தொடங்கியவர் ஒரு பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர். அரசு அதை வாங்கித் தரத் தேவையில்லை. வேர்ட் கோப்பை அப்படியே பிடிஎஃப் ஆகச் சேமிக்க ஒரு சொடுக்குப் போதும். அச்செடுத்து ஸ்கான் பண்ணுவதுதான் கூடுதல் வேலை, கூடுதல் கடதாசி, கூடுதல் மை. கையொப்பம் வேண்டுமென்றால் ஸ்கான் பிரதியும் இருக்கட்டும், பக்கத்தில் எழுத்துப் பிரதியும் இருக்கட்டும்.

இது பார்வையற்றவர்களின் கதை மட்டும் இல்லை. எழுத்தோட்டமும் சைகை மொழியும் இல்லாத ஊடகச் சந்திப்புக் காணொளி, கேட்டல் குறைபாடுள்ளவருக்கு வாயசைப்பு மட்டுமே. மவுஸ் பிடிக்க முடியாத கைகளுக்கு, விசைப்பலகையால் நகராத படிவம் பூட்டின கதவு. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானவர்கள், கிட்டத்தட்ட 16 இலட்சம் பேர், ஏதோவொரு இயலாமையோடு வாழ்ந்தார்கள். இது சின்னக் கூட்டம் இல்லை.

கட்டடங்களுக்கு என்றால் பேசியிருக்கிறோம். 2006இல் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றம் பொதுக் கட்டடங்கள் பற்றிக் கட்டளையிட்டது. இன்றைக்குப் பிரதேச செயலகத்தின் பாதி வேலை இணையத்துக்குப் போய்விட்டது. அங்கே சாய்தளம் எங்கே? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பொதுமக்களுக்கான தகவலை, அணுகக்கூடிய வடிவில், உரிய நேரத்தில், மேலதிகச் செலவில்லாமல் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 21ஆம் உறுப்புரை. ஆக, நாங்கள் சலுகை கேட்கவில்லை. அரசு கையெழுத்து வைத்ததைச் செய்யச் சொல்கிறோம்.

செய்ய வேண்டியவை பெரிய விசயமும் இல்லை. எல்லாத் தமிழ் ஆவணமும் யூனிகோட்டில். படத்துக்கு எழுத்து விளக்கம். காணொளிக்கு எழுத்தோட்டமும் சைகை மொழியும். ஒரு தளத்தைத் திறந்து வைப்பதற்கு முன், மாற்றுத்திறனாளிகளை அழைத்து, சம்பளம் கொடுத்து, சோதித்துப் பார்ப்பது. இந்தக் கடைசி விசயத்தைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். அதனால் இதில்தான் பிடிவாதமாக நிற்க வேண்டும்.

எங்களிடமும் ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு 14 வேலை நாட்கள். உங்கள் பிரதேச சபையிடமும் மாகாணத் திணைக்களத்திடமும் கேளுங்கள்: உங்கள் இணையத்தளத்தில் உள்ள தமிழ் ஆவணங்களில் எத்தனை ஸ்கான், எத்தனை பாமினி, எப்ப மாத்துவீங்கள்? பதிலை எழுத்தாகவே தரச் சொல்லுங்கள். அதையும் ஸ்கான் பண்ணி அனுப்பினால், அடுத்த விண்ணப்பத்துக்கு விசயம் கிடைத்துவிட்டது.