மேய்ச்சல் தரை இல்லாமல் மந்தை நாய் எதற்கு?

பாற்பண்ணைத் துறையை நவீனமயப்படுத்தும் பேச்சு, ஒவ்வொரு அரசாங்கத்துடனும் திரும்பி வருகிறது. உயர் இன மாடு, இறக்குமதிப் புல், பால் கறக்கும் இயந்திரம் என்று பட்டியல் நீளும். அண்மைக்காலமாகப் புலம்பெயர்ந்த நம்மவர்களும் இந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்த்துக் கேட்கிறார்கள். அது மாடு மேய்க்கப் பழக்கிய நாய்.

என் சித்தப்பாவின் மகன் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மாட்டுப் பண்ணையொன்றில் வேலை செய்கிறான். 1977 வன்செயலுக்குப் பின் மடுல்கலைப் பக்கத்திலிருந்து வவுனியாவுக்குப் போன குடும்பம் அவர்களுடையது. "அண்ணே, இங்க ரெண்டு நாய் செய்யிற வேலைக்கு நம்ம பக்கம் பத்துப் பேர் வேணும். மட்டக்களப்புக்குக் கொண்டுபோனா என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. உணர்ச்சிவசப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

முதலில் அந்த நாய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் பட்டிகளில் நாய்கள் எப்போதும் உண்டு. அவை காவல் நாய்கள். இரவில் நரியோ கள்வனோ வந்தால் குரைக்கும், துரத்தும். மந்தை நாயின் வேலை வேறு. சிதறிய மாடுகளைச் சுற்றிவந்து, ஒன்றாக்கி, மேய்ப்பவர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவதே அதன் தொழில். ஓநாயிடம் இரையைப் பார்த்து நிற்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது என்று ஒரு வரிசை உண்டு. பல தலைமுறைத் தெரிவின் மூலம் மனிதர் அந்த வரிசையின் முன்பகுதியை வளர்த்து, கடைசிப் பகுதியை அடக்கிவிட்டார்கள். பிரித்தானிய எல்லைப்புறத்தின் போர்டர் கொலி கண்ணாலேயே ஆட்டை நகர்த்தும். டிங்கோ காட்டு நாயின் இரத்தம் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான அவுஸ்திரேலிய மாட்டு நாய், குதிக்காலைக் கவ்வி மாட்டை நடக்கவைக்கும். 1870களில் விக்டோரியாவின் காஸ்டர்டன் பக்கத்தில் உருவான கெல்பி வெயிலையும் தூரத்தையும் தாங்கும்.

பழக்குவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. குட்டிக்கு முதலில் வா, நில், படு என்ற சொற்கள். ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில், உடல் முற்றிய பிறகே கால்நடையிடம் விடுவார்கள். அதுவும் சிறிய வேலிக்குள், சாதுவான சில விலங்குகளுடன், நீண்ட கயிற்றில். மேய்ப்பவர் ஒரு பக்கம் நின்றால் நாய் மந்தைக்கு மறுபக்கம் போய் நிற்க விரும்பும். அந்த இயல்பைப் பிடித்துக்கொண்டு இடம், வலம், மெதுவாக, போதும் என்ற கட்டளைகளைச் சேர்ப்பார்கள். அவசரப்பட்டால் கெட்டுவிடும். கட்டுப்பாடில்லாத நாய் மாட்டை ஓடவைக்கும். மிரண்டு ஓடும் மாடு பாலைக் குறைக்கும், சினைமாடு கருவை இழக்கலாம். கன்று ஈன்ற நாட்டு மாடு நாயைக் கண்டால் தானே முட்ட வரும்.

சரியாகப் பழக்கினால் இலாபம் உண்மையானது. 2014இல் வெளியான சிட்னி பல்கலைக்கழக ஆய்வொன்று, அவுஸ்திரேலியப் பண்ணை நாய் ஒன்றுக்கு வாழ்நாளில் ஏறத்தாழ 7,763 அவுஸ்திரேலிய டொலர் செலவாகிறது என்றும், அது செய்யும் வேலையின் மதிப்பு ஏறத்தாழ 40,000 டொலர் என்றும் மதிப்பிட்டது. போட்ட பணத்துக்கு ஐந்து மடங்குக்கு மேல் திரும்புகிறது.

அப்படியானால் நாமும் தொடங்கலாமே? இங்குதான் நான் வாழும் வத்தேகமவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் கால்நடை அறிவு முழுவதும் என் ஊரைச் சுற்றித்தான் இருக்கிறது. கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம். பேராதனையில் நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம். குண்டசாலையில் மத்திய செயற்கை முறைச் சினைப்படுத்தல் நிலையம். திகனையில் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணை. நாய் வளர்ப்பும் இங்கேதான். அஸ்கிரியவில் பொலிஸ் மோப்ப நாய்ப் பிரிவு இயங்குகிறது.

அரசு நாயில் முதலீடு செய்யத் தெரியாத அரசு அல்ல. வெடிபொருள் தேட, போதைப்பொருள் தேட, குற்றவாளியைத் தேட நாய் வளர்த்துப் பழக்குகிறது. போருக்குப் பின் வன்னியில் கண்ணிவெடி அகற்றவும் பழக்கிய நாய்கள் வந்தன. அந்த நாய்கள் நுகர்ந்து தந்த நிலத்தில் இன்று நம்மவர் மாடு மேய்க்கிறார்கள். ஆனால் மாட்டு வேலைக்கான நாய் அரசின் பட்டியலில் இல்லை. நாய் யாருடைய பாதுகாப்புக்கு என்ற கேள்வியில் கால்நடை வளர்ப்போர் ஒருபோதும் வந்ததில்லை.

வத்தேகம, பன்வில, மடுல்கலைத் தோட்டங்களில் இந்த நாயால் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டில், அதில் ஒன்றோ இரண்டோ மாடு. தேயிலை ஓரத்திலும் ஆற்றோரத்திலும் புல் அறுத்துத் தலையில் சுமந்து வந்து போடுகிறார்கள். மாட்டை அவிழ்த்துவிட ஒரு பேர்ச்சஸ் நிலம்கூடச் சொந்தமில்லை. மேய்க்க இடமில்லாதவருக்கு மேய்க்கும் நாய் எதற்கு?

மந்தை நாய்க்கு உண்மையான வேலை இருக்கக்கூடிய இடம் கிழக்கும் வன்னியும்தான். மட்டக்களப்பின் பட்டி மாடுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் செல்பவை. பெரும்போக விதைப்பு தொடங்கினால் வயல்வெளியிலிருந்து மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அறுவடை முடிந்தால் திரும்பக் கொண்டுவர வேண்டும். காடும் ஆறும் கடக்கும் அந்தப் பயணத்தில் நல்ல நாய் இரண்டு இருந்தால் பேருதவி. இளைஞர்கள் வெளிநாடு போய்விட, வயதானவர்களே பட்டி பார்க்கும் காலம் இது.

ஆனால் அந்தத் தரையின் நிலை என்ன? மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குட்பட்ட அந்த நிலத்தில், 2020ஆம் ஆண்டளவில் பொலன்னறுவை, அம்பாறைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் பயிர்ச்செய்கையில் இறங்கினர். மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன, வாய்வெடி கடித்துத் தாடை சிதறிச் செத்தன. 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அடுத்த மாதம் மட்டக்களப்புக்கு வந்த அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, அத்துமீறியவர்களை வெளியேற்றப் பணித்ததாகச் செய்தி வந்தது. போராட்டமோ ஓர் ஆண்டைக் கடந்தும் தொடர்ந்தது.

இந்த நிலத்தில் ஒரு கெல்பியை விட்டால் என்ன நடக்கும்? காட்டுப்பன்றிக்கு வைத்த வாய்வெடியும் சுருக்குக் கம்பியும் நாய்க்கு விலக்களிப்பதில்லை. உணவுக்குள் மறைத்த வெடியை மாட்டைவிட நாய்தான் விரைவில் கவ்வும். மந்தைக்கு வெளியே சுற்றி ஓடுவதே அதன் தொழில் என்பதால், கம்பியில் முதலில் மாட்டுப்படுவதும் அதுதான். ஈராண்டு பழக்கிய நாய் ஒரு நாளில் போய்விடும். துப்பாக்கியோடு வருகிறவனிடமிருந்து மாட்டைக் காப்பது நாயின் வேலை அல்ல, பொலிஸின் வேலை.

இறக்குமதி பற்றி நமக்கு ஏற்கனவே ஒரு பாடம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவை மாடுகள் கொண்டுவரும் ஒப்பந்தத்தில் 2017இல் ஏறத்தாழ 5,000 வந்து சேர்ந்தன. பல செத்தன. வாங்கிய பண்ணையாளர் பலர் கடனில் விழுந்தனர். தீனியும் நிழலும் வைத்தியமும் ஆயத்தமில்லாத இடத்துக்கு உயர் இனம் வந்தால் அது சொத்தல்ல, சுமை. அடர்ந்த உரோமம் கொண்ட போர்டர் கொலியை மட்டக்களப்பின் சித்திரை வெயிலில் ஓடவிட்டாலும் இதே கதைதான்.

தமிழ்நாட்டைப் பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது. மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் புலிக்குளம் மாடுகளைக் கிடைபோடும் மேய்ச்சல்காரர்கள், தலைமுறை தலைமுறையாக மந்தை நாய்களைத் தாங்களே தெரிந்து வளர்க்கிறார்கள். அவை பெரும்பாலும் காவலுக்கானவை. ஆனால் மாட்டையும் வெயிலையும் அறிந்தவை. அங்கேயும் சிக்கல் நிலத்தில்தான். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அது சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என்று சுருக்கப்பட்டது. மேய்ச்சல் உரிமை சுருங்கினால் மாடும் குறையும், நாயும் குறையும்.

எனவே என் தம்பிக்கு நான் சொன்ன பதில் "வேண்டாம்" அல்ல, "வரிசை மாறக்கூடாது" என்பதே. முதலாவது, மேய்ச்சல் தரையை அளந்து எல்லையிட்டு வர்த்தமானியில் பிரகடனப்படுத்த வேண்டும். மட்டக்களப்புக்கு மட்டுமல்ல, வன்னிக்கும் இது பொருந்தும். அங்கே 2009இல் மக்கள் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டபோது அவர்களின் மாடுகள் உரிமையாளரின்றி அலைந்தன. திரும்பி வந்தவர்கள் குறிசுட்ட அடையாளத்தை வைத்துத் தங்கள் மாட்டைத் தேடினார்கள். பலருக்கு மாடும் கிடைக்கவில்லை, மேய்த்த இடமும் கிடைக்கவில்லை. இரண்டாவது, கொல்லப்பட்ட மாடுகளுக்கு வழக்கும் இழப்பீடும். மூன்றாவதாகத்தான் நாய் வரும். அதுவும் விமானத்தில் அல்ல. பட்டிகளில் ஏற்கனவே இருக்கும் நாட்டு நாய்களில் நிதானமானவற்றைத் தெரிந்து, விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, பேராதனையின் அறிவையும் பட்டிக்காரரின் அனுபவத்தையும் சேர்த்து ஒரு சிறு முயற்சியாகத் தொடங்கலாம். கடிக்காமல் மாட்டைச் சுற்றிவரும் குட்டி எது என்று பட்டிக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

புலம்பெயர் உறவுகள் பணம் அனுப்ப விரும்பினால், ஒரு சோடி வெளிநாட்டு நாயின் விலையை வழக்குச் செலவுக்கும் நில அளவைக்கும் காயப்பட்ட மாடுகளின் வைத்தியத்துக்கும் கொடுக்கலாம். நாயைப் பழக்க இரண்டு வருடம் போதும். பறிபோன மேய்ச்சல் தரையை மீட்க எத்தனை வருடம் என்பதைக் கொழும்புதான் சொல்ல வேண்டும்.