பாட்டுக்குப் பூட்டு ஏன்?

சென்ற பருவத்தில் ஒரு நாள், ஒலியியல் வகுப்பு. தோற்கருவிகள் பொதுவாக ஒழுங்கற்ற மேற்சுரங்களையே எழுப்பும். மிருதங்கமோ தந்திக் கருவியைப் போல ஒழுங்கான மேற்சுரங்களை எழுப்புகிறது, வலந்தலையின் கரும்பூச்சே அதற்குக் காரணம் என்று சி.வி. இராமன் 1920-இல் எடுத்துக்காட்டியதைப் பேராசிரியர் விளக்கினார். தாம் விலை கொடுத்து வாங்கிக் கைப்பேசியில் வைத்திருந்த மிருதங்க இசையைப் போட்டார். "சார், சொந்த உபயோகத்திற்கு மட்டும் என்றுதானே விற்கிறார்கள்? வகுப்பில் போடலாமா?" என்றான் ஒரு நண்பன். இசை நின்றது. கரும்பலகைக் கோடுகளை மட்டும் பார்த்துவிட்டுக் கலைந்தோம்.

அந்த அச்சம் தேவைதானா? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுவதென்ன? கல்வி நிறுவனத்தின் செயற்பாடுகளின்போது, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பாதுகாவலர், அச்செயற்பாடுகளோடு தொடர்புடையோர் ஆகியோர் மட்டுமே கேட்பவராக இருப்பின், ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வது உரிமை மீறலன்று. இது நாடாளுமன்றம் திறந்துவைத்த கதவு. விற்பவரின் நிபந்தனைகளைப் படிக்காமலே 'சம்மதம்' என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். அந்தப் பொத்தான் இந்தக் கதவைச் சாத்திவிடலாகாது என்பதே என் கருத்து. வகுப்பறைக்கு விலக்குண்டு என்று அந்நிபந்தனையிலேயே ஒரு வரி சேர்த்தால் விற்பவர்க்கு என்ன நட்டம்?

ஆனால் நண்பர்களே, நமக்கும் ஒரு வரம்புண்டு. வகுப்பில் கேட்பது வேறு. பிரதி எடுத்து ஊரெங்கும் அனுப்புவது வேறு. என் தந்தையார் தவில் வாசிப்பவர். கோயில் திருவிழாவில் அவர் வாசித்ததை யாரோ பதிவு செய்து பரப்பினர். பலரும் கேட்டனர், வீட்டிற்கு ஒரு ரூபாயும் வரவில்லை. "கேட்டாங்களே, அது போதும்" என்றார் அப்பா. எனக்குப் போதவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவின் தவிலில் வலந்தலைக்குக் கரும்பூச்சு கிடையாது. அப்படியானால் அதன் மேற்சுரங்கள் எப்படி அமையும்? வாசிக்க அவருக்குத் தெரியும். ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதை நான் இந்த வகுப்பறையில்தான் கேட்டறிய வேண்டும். ஒப்பிட ஒரு மிருதங்கமாவது ஒலிக்க வேண்டாமா?

ஆகவே, பேராசிரியப் பெருமக்களே, அச்சமின்றி இசையை ஒலிக்கச் செய்யுங்கள். மாணவ நண்பர்களே, வகுப்பு முடிந்ததும் அது வாங்கியவரிடமே இருக்கட்டும். கலைஞனுக்குக் கூலியும் மாணவனுக்குக் கல்வியும் ஒருசேரக் கிடைக்க இதுவே வழி!